மாமூல் வாங்கியவன் சொன்ன சாட்சி

புதிதாக வண்டி போட்டிருக்கும் உங்களுக்கு மீன் வறுப்பது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்பதை உங்கள் மூக்கு சொல்லும். சொல்லாவிட்டால் பக்கத்து வண்டிக்காரர் சொல்வார். போன சங்கக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

"தெனம் அம்பது ரூபாய எவனுக்காவது தூக்கிக் குடுத்துட்டு நிம்மதியா பொழப்பப் பாத்தா இன்னாண்ணா தப்பு? கார்டு, கமிட்டின்னு எதுக்கு அலையணும்?"

அவர் கேட்டதும் பழைய ஆட்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். புதியவர்களுக்கு ஏன் என்று புரிந்திருக்காது. அந்தப் பணத்தைப் பன்னிரண்டு வருஷம் கை நீட்டி வாங்கியவன் நான்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. பேசினால் எங்கெங்கோ போய்விடுவேன்; எனக்குக் கால் மட்டுமல்ல, பேச்சும் ஓர் இடத்தில் நிற்காது. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பாலாற்றில் மணல் அள்ளினேன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் டீ கிளாஸ் கழுவினேன். முட்டுக்காட்டில் படகுத்துறைக்கு எதிரே கரும்புச்சாறு பிழிந்தேன். எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. பசித்த நாட்கள் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசித்தது, பிறகு சாப்பிட்டேன். கடைசியில் மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, ஈசிஆரிலிருந்து கடலுக்குப் பிரிகிற ஒரு சின்னச் சாலையில் மீன் வறுவல் வண்டி போட்டேன். எந்தச் சாலை என்று உங்களுக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை.

அப்போது அங்கே இருபத்திரண்டு வண்டிகள். எதற்கும் லைசென்ஸ் கிடையாது. முன்பு வசூல் செய்துகொண்டிருந்தவன் ஒருநாள் வசூலோடு காணாமல் போனான். வண்டிக்காரர்களே கூடிப் பேசி என்னைப் பிடித்தார்கள். காரணம், எனக்குப் படிக்கத் தெரியும், குடிக்கமாட்டேன், குடும்பம் இல்லாததால் பணத்தை எடுத்துக்கொண்டு ஓட அவசரமும் இல்லை. என் வண்டிக்கு மாமூல் கிடையாது, அதுதான் எனக்குக் கூலி. சாயங்காலம் கடாயை இறக்கிவிட்டு சாலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடப்பேன். யாருக்குக் காய்ச்சல், யார் பையன் பரீட்சையில் தேறினான், எவன் மச்சானோடு சண்டை என்று எல்லாம் எனக்குத் தெரியும். ஓர் இடத்தில் நிற்காதவனை அந்தச் சாலையில் பன்னிரண்டு வருஷம் நிறுத்தி வைத்தது வறுவல் அல்ல, அந்த நடைதான். சொன்னால் சிரிப்பீர்கள். வாங்கியவனுக்கும் கொடுத்தவர்களுக்கும் நடுவே பாசம் இருந்தது.

மாமூல் என்றால் பிடுங்கல் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாங்கள் அதைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கினோம். அந்தப் பொருள் முன்தகவல். வண்டிகளைத் தூக்க ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றால், அரைமணி நேரம் முன்பு என் போனில் இரண்டு மிஸ்டு கால் வரும். அனுப்புகிறவர் அந்த ஆபீஸில் ஃபைல் தூக்குகிற ஒருவர். போனில் பேசவே மாட்டார் என்பதால் நாங்கள் அவரை மிஸ்டுகால்காரர் என்றே சொல்வோம். நான் வசூலிப்பது அவர் கைக்குப் போகும். அவர் கையிலிருந்து எங்கே போனது என்று நான் கேட்டதில்லை.

இரண்டு கால் வந்ததும் நான் ஒரு விசில் அடிப்பேன். கால்மணி நேரத்தில் இருபத்திரண்டு வண்டிகளும் சவுக்குத்தோப்புக்குள் போய்விடும். அடுப்பை அணைத்து, தார்ப்பாய் மூடி, தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் போவோம். சாலையில் ஒரு வெங்காயத் தோல்கூட இருக்காது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணும் இல்ல" என்று போய்விடுவார்கள். அதில் எங்களுக்கு ஒரு பெருமை. மற்றச் சாலைக்காரர்கள் வந்து எப்படிச் செய்கிறோம் என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

அந்த ஐம்பது ரூபாய் எங்களை என்ன செய்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பின்னால் யோசித்தபோது ஒன்று பட்டது. எங்கள் சாலையில் யாருமே பெரிதாகவில்லை. வண்டி பெரிதானால் ரேட்டும் பெரிதாகும், கண்ணில் படும், வண்டி கனமாக இருந்தால் தோப்புக்குள் ஓடவும் முடியாது. அதனால் எல்லாரும் வேண்டுமென்றே சின்னதாக இருந்தார்கள். பஜ்ஜிக்காரர் ஒருவர் எவர்சில்வர் தகடு அடித்த புது வண்டி வாங்கினார். மறுநாளே அதன்மேல் அடுப்புக்கரியைத் தேய்த்து, கிழிந்த கோணியைக் கட்டித் தொங்கவிட்டார்.

"இன்னா, புது வண்டியா?" என்று கேட்டேன்.

"சேச்சே, மச்சான்துண்ணா. ரெண்டு நாளைக்குக் குடுத்துருக்கான்."

ஏழு வருஷம் அது மச்சானுடைய வண்டியாகவே இருந்தது. ஒரு மனிதன் சம்பாதித்து வாங்கிய பொருளைத் தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை. நானும் அதைத் தமாஷ் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி கன்னியம்மாவைச் சொல்கிறேன். உங்களுக்கு அவரை நம் வரிசையில் மூன்றாவது கடையாகத் தெரியும். அவர் திருக்கழுக்குன்றம் பக்கத்து உள்கிராமத்துக்காரர், விவசாயக் குடும்பம். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். ஒரு பெண் குழந்தையோடு வந்து என் வண்டிக்கு நாலு வண்டி தள்ளிக் கடாய் வைத்தார். மீனைத் தொட்டுக்கூடப் பழக்கமில்லாதவர், ஒரே வருஷத்தில் என்னைவிட நன்றாக வறுக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிற குடும்பங்கள், எண்ணெய் எத்தனையாவது முறை காய்கிறது என்று விசாரித்துவிட்டு, என்னைத் தாண்டி அவரிடம் போவார்கள். அதற்காக நான் அவரிடம் கூட வாங்கியதில்லை, குறையவும் வாங்கியதில்லை.

ஒரு சனிக்கிழமை நாலு மணி இருக்கும். நல்ல வெயில், நல்ல கூட்டம். இரண்டு மிஸ்டு கால் வந்தது. விசில் அடித்தேன். எல்லா வண்டியும் நகர்ந்தது, கன்னியம்மாவுடையது மட்டும் நகரவில்லை. ஓடிப்போய்க் கேட்டேன்.

"அண்ணாத்த, லாரி எங்க?" என்றார் கன்னியம்மா.

"இன்னா லாரி?"

"தூக்க வர்றவன் லாரியோடதான வருவான்? அங்க பாரு, ஒரே ஒரு ஜீப்பு. ரெண்டு பொண்ணுங்க எறங்கி, கைல அட்ட வெச்சிகினு எழுதிகினு கீதுங்க. அந்தாண்ட ரோட்டுலயும் இப்டித்தான் பேரு எழுதிகினு போனாங்களாம். எளநிக்காரம்மா சொல்லிச்சு."

"ரெண்டு கால் வந்துகீது கன்னிம்மா. ஜல்தி தள்ளு."

"மீனு எண்ணெயில கீது. நான் நின்னு பாக்குறேன். புடிச்சா என்னியத்தான புடிப்பான்?"

"உன்னப் புடிச்சா உன்னோட போயிடுமா? இத்தினி பேரு பொழப்பு. அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? பேஜாரு பண்ணாத."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுப்பை நானே அணைத்தேன். வண்டியை நானே தள்ளினேன். நாலு சங்கரா மீன் பாதி வெந்தபடி கடாயில் கிடந்தது.

தோப்புக்குள்ளிருந்து பார்த்தோம். இரண்டு பெண்களும் சாலையின் கோடி வரை நடந்தார்கள். ஒருத்தி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். அட்டையில் ஏதோ எழுதினாள். போய்விட்டார்கள். "பாவம், வெயில்ல வந்துட்டு ஒண்ணும் கெடைக்காம போவுதுங்க" என்று பஜ்ஜிக்காரர் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கன்னியம்மா கடாயிலிருந்த மீனை எடுத்து நாய்க்குப் போட்டார்.

அவர்கள் வந்தது தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க. பெயர் எழுதி, போட்டோ எடுத்து, அடையாள அட்டை கொடுப்பதற்கு. சில மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். பக்கத்துச் சாலையில் பதினாறு பெயர். எங்கள் சாலைக்கு நேரே, 'வியாபாரம் எதுவும் இல்லை'.

மிஸ்டுகால்காரரைத் தேடிப் போனேன். அவர் என்னைவிட அதிகமாக அரண்டுபோயிருந்தார். "இன்னா தலைவரே, ஃபீல்டுக்குப் போறாங்கன்னு சொன்னாங்க. ஃபீல்டுன்னா தூக்கறதுதானன்னு அடிச்சேன். நான் எந்நாளும் அடிக்கிறதத்தான அடிச்சேன்?" அட்டை வந்தால் தன் வருமானம் போய்விடும் என்று வேண்டுமென்றே செய்தாரா என்று பலர் கேட்டார்கள். பல வருஷம் யோசித்துவிட்டேன், இல்லை. அவ்வளவு யோசிக்கிற ஆள் இல்லை அவர். வாங்கிய காசுக்கு ஒழுங்காக வேலை செய்தார். நானும் ஒழுங்காக வேலை செய்தேன். ஒருவரும் ஏமாற்றவில்லை. எல்லாம் சரியாக நடந்து, இருபத்திரண்டு குடும்பம் காகிதத்தில் இல்லாமல் போனது. அந்தக் கேள்வியைக் கேட்ட தம்பி இந்த இடத்தை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும்.

அடுத்த மாதம் லாரி வந்தது. இந்த முறை கால் வரவில்லை. "இது ரொம்ப மேலேந்து வந்துது, எனக்கே தெரியல" என்றார் மிஸ்டுகால்காரர். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், அட்டை உள்ளவர்களுக்கு ஓரமாக வரிசைக் கடை கட்டித் தரப் போகிறார்கள். அட்டை இல்லாதவர்களின் வண்டியை இரும்புக்காகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கன்னியம்மாவின் வண்டி லாரியில் ஏறும்போதே அச்சு முறிந்துவிட்டது. அவர் ஒன்றும் கத்தவில்லை. கடாயை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு ஊரப்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலைக்குப் போனார். பஸ், ரயில் மாறிப் போகவேண்டும். சிமெண்ட் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ஒருநாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "நின்னு பாக்குறேன்னு சொன்னேன்ல அண்ணாத்த" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் வேறு ஊருக்குப் போயிருப்பேன். போவது எனக்குச் சுலபம். திட்டாததால் போக முடியவில்லை.

பட்டியலில் விட்டுப்போனவர்கள் மனு கொடுக்கலாம் என்று ஓர் அறிவிப்பு இருந்தது. கடைசித் தேதிக்குச் சில நாட்களே இருந்தன. யாரும் நம்பவில்லை. கன்னியம்மாவும் நம்பவில்லை. "ஒரு நாள் கூலி போவும்" என்றார். மூன்று நாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். நாலாவது நாள் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

செங்கல்பட்டில் ஓர் அரசுக் கட்டடத்தின் மாடி. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி அம்மா, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். பக்கத்தில் ஃபைல்களைச் சுமந்துகொண்டு நின்றவரை எனக்குத் தெரியும். மிஸ்டுகால்காரர். எங்கள் பக்கத்து ஃபைல்களை அவர்தான் கொண்டுவந்திருந்தார்.

"அந்த ரோட்டுல வியாபாரமே இல்லன்னு சர்வே சொல்லுது" என்றார் அதிகாரி அம்மா.

"அன்னிக்கி நாங்க ஒளிஞ்சிகினோம்மா" என்றார் கன்னியம்மா.

"எதுக்கு ஒளிஞ்சீங்க?"

கன்னியம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தன் போனை நீட்டினார். கடாய், வண்டி, சிரிக்கிற மகள், பின்னால் கடல்.

"கடல் எல்லா ஊர்லயும் இருக்கும்மா. இது அந்த ரோடுன்னு எது சொல்லுது? ரசீது, பில், எதாவது?"

"மீன் வாங்குனதுக்கு யாரும்மா பில்லு குடுப்பாங்க?"

"சரி, சாட்சி?"

"நான் இருக்கேன்மா. இவங்களுக்கு நாலு வண்டி தள்ளி என் வண்டி" என்றேன்.

பட்டியலைப் புரட்டினார். "நீங்களும் இதுல இல்ல. இல்லாத ஆளு இல்லாத ஆளுக்கு எப்படிச் சாட்சி சொல்றது? அடுத்த மனு யாரு?"

கன்னியம்மா போனை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஐந்து நாற்பது பஸ் கிடைக்குமா என்று கணக்குப் போடுகிற முகம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் சொல்லக்கூடிய ஒன்று இருந்தது. சொன்னால் நான் மாட்டுவேன், அது பெரிதில்லை. மிஸ்டுகால்காரர் மாட்டுவார். ஒருமுறை கொதிக்கிற எண்ணெய் என் காலில் கொட்டியபோது, தன் டிவிஎஸ்ஸில் என்னை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். ஒன்பது நாள் இட்லி வாங்கிவந்து கொடுத்தார். எனக்கு அப்படிச் செய்ய வேறு ஆள் கிடையாது. அவர் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அங்கே யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது? அடுத்த மனுதாரர் நாற்காலியை இழுக்கிற நேரம்.

"அம்மா, இவங்க அங்க கடை வெச்சிருந்தது எனக்கு நல்லாத் தெரியும். இவங்ககிட்ட தெனம் மாமூல் வாங்குனது நான்தான்."

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"தினமுமா?"

"தினமும்மா. மொத நாள்லேந்து. புயல் அன்னிக்கு மட்டும் வாங்கல."

"இன்னாது?" கன்னியம்மா திரும்பி வந்தார். "புயலுக்கு மறுநா காலைலயே வந்து நின்னியே, மறந்துட்டியா? வண்டி மேல சவுக்கு மரம் வுழுந்து கெடக்குது. இவரு வந்து நேத்துதும் சேத்துன்றாரு."

"நேத்துது நான் கேக்கல."

"கேட்ட."

"கேக்கல கன்னிம்மா. மரத்துக்கு அடிலேந்து உன் கடாய எடுத்துக் குடுத்தது யாரு?"

"நீதான் எடுத்த. எடுத்துக் குடுத்துட்டு அதே கைய நீட்டின!"

"இருங்க, இருங்க" என்றார் அதிகாரி அம்மா. கன்னியம்மா இருக்கவில்லை.

"ஆனா இல்லாதத சொல்லக் கூடாதும்மா. எம் பொண்ணு சடங்குக்கு ஒம்போது நாளு வாங்கல. பத்தாம் நாளு வந்து, ஒறவுக்காரங்க யாரும் வரலியாமேன்னு கேட்டுட்டு சும்மா போச்சு. ரேட்ட ஏத்துனப்ப எனக்கு மட்டும் மூணு மாசம் பழைய ரேட்டு."

"அத ஏன் இங்க சொல்ற? மத்தவங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா இப்ப இன்னா? யாருக்கு வண்டி கீது, சண்டைக்கு வர்றதுக்கு?"

அதிகாரி அம்மா புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டார். சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "யாருக்காக வாங்குனீங்க?"

ஃபைல்கள் உரசுகிற சத்தம் நின்றது.

"அம்மா, அது தனி கேஸு. அதுக்கு என்னைக் கூப்டுங்க, என்ன வேணா பண்ணுங்க. இன்னிக்கு இந்தம்மா கேஸு. இவங்க அங்க இருந்தாங்களா, இல்லியா, அதுக்குத்தான் வந்தேன்."

உங்களில் சிலர் இதைக் கோழைத்தனம் என்பீர்கள். இருக்கலாம். மேலே இருந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் என்னைப்போல ஒரு கை மட்டுமே. அவரைக் காட்டிக்கொடுத்தால் அந்த அறையில் பேச்சு முழுக்க அவரைப் பற்றியதாகிவிடும், கன்னியம்மா பஸ்ஸுக்குப் போய்விடுவார் என்று பட்டது. நெருக்கடியில் எல்லா உண்மையையும் ஒரே நாளில் சொல்ல முடியாது. யாருக்காகப் போனோமோ அவருக்குத் தேவையான உண்மையைப் பாதியில் நிறுத்தாமல் சொன்னால் போதும். இது சரியா என்று எனக்கு இன்னும் முழுத் தீர்மானம் இல்லை.

"இப்படி ஒரு சண்டையைப் பொய்யாப் போட முடியாது" என்றார் அதிகாரி அம்மா. எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். மாமூல் என்ற சொல்லே இல்லை. 'சாட்சி, மனுதாரருடன் தினசரி நேரடித் தொடர்பில் இருந்தவர்.' என்மேல் கேஸ் போடலாம் என்று எச்சரித்தார், போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஒன்றும் சொல்ல இருந்திருக்காது.

கீழே மிஸ்டுகால்காரர் என்னைக் கடந்து போனார். "இன்னா தலைவரே" என்று வழக்கமாகச் சொல்வது அன்று இல்லை. அதற்குப் பிறகு அவர் எண்ணிலிருந்து ஒரு காலும் வரவில்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கன்னியம்மாவுக்கு அட்டை வந்தது, கடை வந்தது. முதல் வாரமே ஒருவன் வந்து கை நீட்டினான். அவர் அட்டையை எடுத்துக் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதுல கீற போட்டோ நான்தான். நீ யாரு?" என்று கேட்டார். அவன் போய்விட்டான். எல்லாரும் அப்படிப் போய்விடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் 'நீ யாரு' என்று கேட்பதற்கு முதலில் நாம் யார் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். ஒளிந்துகொள்வதற்குக் காசு கொடுத்தால், ஒருநாள் தேடி வருகிறவர்களுக்கும் கிடைக்காமல் போவீர்கள். கிளம்பு என்று யார் சொன்னாலும், வருவது யார் என்று நின்று பாருங்கள். அன்றைக்குக் கன்னியம்மா அதைத்தான் செய்யப் பார்த்தார்.

அவருக்கு அட்டை வந்த செய்தி பரவியதும், மனுவுக்குக் கடைசித் தேதியை நீட்டியிருந்ததால், என் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். என்னைக் கண்டால் கல்லாவை மூடிக்கொண்ட அதே ஆட்கள். "எங்கிட்டயும் நீ வாங்குனத வந்து சொல்லுண்ணா" என்றார் பஜ்ஜிக்காரர். "மச்சான் வண்டிக்கா, உன் வண்டிக்கா?" என்று கேட்டேன். "என் வண்டிதாண்ணா, என் வண்டிதான்" என்று வெட்கப்பட்டார். ஒவ்வொருவரோடும் மாடி ஏறினேன். ஒவ்வொருவரும் அங்கே என்னோடு சண்டை போட்டார்கள். அதில் பாதி, அவர்கள் பல வருஷம் மனதில் வைத்திருந்த நிஜச் சண்டை. என் முட்டி தேய்ந்தது அந்தப் படிகளில்தான். எனக்கென்று நான் மனு போடவில்லை. போதும் என்று இருந்தது.

கடைசி நாள் வந்தவர் ஒரு கடலைக்காரர். கழுத்தில் கூடை மாட்டிக்கொண்டு மணலில் நடந்து விற்கிற பெரியவர். இவ்வளவு எழுதியும் அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். காரணம், வசூலுக்குப் போகும்போது அவர் என் கண்ணில் படமாட்டார். பாவம் என்று ஆரம்பத்திலேயே விட்டுவிட்டேன்.

"எங்கிட்ட நீ ஒருநாளும் வாங்கலியே நைனா" என்றார். "எனக்கு நீ இன்னா சொல்லுவ?"

நான் செய்த அநியாயம் இருபத்தொரு பேருக்குச் சாட்சியாக இருந்தது. நான் காட்டிய இரக்கம் இவருக்கு எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

"வாங்குனேன்னு சொல்றேன் பெரியவரே, வா" என்றேன்.

பஸ்ஸில் போகும்போது அவருக்குச் சண்டை போடச் சொல்லிக்கொடுத்தேன். வரவில்லை. "நீ நல்லவனாச்சே நைனா, எப்டித் திட்றது?" என்றார். மாடியில் அதிகாரி அம்மா என் முகத்தைப் பார்த்தவுடனே, "இவர்கிட்டயுமா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த மேசைக்கு முன்னால் நான் சொன்ன ஒரே பொய் அது.

"பெரியவரே, தினம் எவ்வளவு வாங்குவாரு?"

ரேட்டைச் சொல்லித்தர மறந்துவிட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். என்னை ரொம்பவும் கெட்டவனாக்க மனம் வராமல், "ஒரு ரூவாம்மா" என்றார்.

இந்தக் கடற்கரையில் ஒரு ரூபாய் வாங்கியவன் எவனும் கிடையாது. அதிகாரி அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அவருக்கு இப்போது அட்டை இருக்கிறது. வரிசையின் கோடியில் நிழலில் உட்கார்ந்துதான் விற்கிறார். சாயங்காலம் நான் அந்தப் பக்கம் நடந்தால் கூப்பிட்டு ஒரு ரூபாய் நாணயத்தை நீட்டுகிறார். முதல் நாள் நான் வேண்டாம் என்றேன். "வாங்கிக்க நைனா. அந்தம்மா எழுதுனது பொய்யாவக் கூடாது" என்றார்.

வாங்கிக்கொள்கிறேன்.